நம்ம நாய் ஒண்ணும் செய்யாது

மருமகள் கர்ப்பம் என்று தெரிந்த வாரமே வீட்டில் இரண்டு உத்தரவுகள் பிறந்துவிடும். பப்பாளி வாங்கக் கூடாது. பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். பப்பாளி இருக்கட்டும். பூனையைப் பற்றிய பயத்தில் காரணம் இருக்கிறது, ஆனால் அதற்காகப் பூனையைத் தெருவில் விட வேண்டியதில்லை.

டாக்சோபிளாஸ்மா என்றொரு நுண்ணிய ஒட்டுண்ணி உண்டு. அது பூனையின் குடலில் பெருகி மலத்தோடு வெளியே வரும். ஒரு பெண்ணுக்கு இந்தத் தொற்று கர்ப்ப காலத்தில் முதன்முறையாக வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். பயம் நியாயமானதுதான். ஆனால் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவதால் இது தொற்றிவிடாது. வெளிவந்த மலத்தில் இருக்கும் கிருமி, தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். மணல் தட்டைத் தினமும் ஒருமுறை காலி செய்துவிட்டால் அதற்கு அந்த அவகாசமே கிடைக்காது. அந்த வேலையைக் கணவர் செய்யட்டும். தவிர, பெரும்பாலான பூனைகள் முதல்முறை தொற்று வரும்போது சில வாரங்கள் மட்டுமே கிருமியை வெளியேற்றுகின்றன. வீட்டுக்குள்ளேயே இருந்து, வேகவைத்த மீனும் சோறும் தின்று, எலி பிடிக்காத பூனைக்கு அந்தத் தொற்றே வந்திருக்காது. சரியாக வேகாத கறியும், கழுவாத கீரையும், கையுறை இல்லாமல் தோட்டத்து மண்ணைக் கிளறுவதும் அதைவிடப் பெரிய வழிகள். கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியது தெருவிலிருந்து புதிதாக ஒரு குட்டியைத் தூக்கிவருவதைத்தான்.

பூனையைவிட நாய்தான் அதிக யோசனை கேட்கும் விஷயம். அதிலும் நம் வழக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறாள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வருகிறாள். நாய்க்கு வளைகாப்பும் தெரியாது, பிரசவமும் தெரியாது. தனக்குச் சோறு வைத்தவள் ஒருநாள் காணாமல் போனாள், அரை வருஷம் கழித்து வீறிட்டு அழும் ஒரு பொட்டலத்தோடு வந்தாள் என்பதுதான் அதன் கணக்கு. அவள் வாசலில் இறங்கியதும் அது சந்தோஷத்தில் தாவும். அவள் கையில் குழந்தை. சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரே குரலில் கத்துவார்கள், யாராவது நாயை இழுத்துப்போய்ப் பின்கட்டில் கட்டுவார்கள். அந்தப் பொட்டலம் வந்த நிமிஷத்திலேயே தனக்கு அடி விழுந்தது என்று நாய் படித்துக்கொள்ளும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். குழந்தை வருவதற்குச் சில நாள் முன்பு, அது படுத்த தூளித் துணியோ சட்டையோ துவைக்காமல் ஒன்றை வரவழைத்து நாய் மோந்து பார்க்கட்டும். போனில் பதிந்த குழந்தை அழுகையைச் சின்னச் சத்தத்தில் போட்டுக்கொண்டே அதற்குச் சோறு வையுங்கள். வருகிற நாளில் குழந்தையை வேறொருவர் வைத்துக்கொள்ள, தாய் முதலில் வெறுங்கையோடு உள்ளே போய் நாயைக் கொஞ்சிவிட்டு வரட்டும். அதன் ஆர்ப்பாட்டம் அடங்கிய பிறகு, பெல்ட் மாட்டி, சற்றுத் தள்ளி நிறுத்திக் குழந்தையைக் காட்டலாம். முகத்துக்கு நேரே கொண்டுபோய் ‘பாப்பா பாரு’ என்று நீட்ட வேண்டாம். இனி கட்டிலில் ஏறக் கூடாது, படுக்கையறைக்குள் வரக் கூடாது என்பது போன்ற புதுச் சட்டங்கள் ஏதாவது இருந்தால், அவற்றைக் குழந்தை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அமலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்போதுதான் நாய் அதைக் குழந்தையோடு முடிச்சுப் போடாது.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஆடிக்கொண்டே, உள்ளிருந்து கீச்சுச் சத்தம் வரும் ஒரு துணி மூட்டை. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை; ஓடுவதையும் ஆடுவதையும் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. நாய் எந்த இனமாக இருந்தாலும், தூளி ஆடும் அறையில் அது தனியாக இருக்கக் கூடாது. எவ்வளவு சாதுவான நாய் என்றாலும்.

படுத்த இடத்தில் கிடக்கும் குழந்தையோடு பெரும்பாலான நாய்கள் ஒத்துப்போய்விடும். தொல்லை தொடங்குவது குழந்தை தவழ ஆரம்பிக்கும்போது. அதுவரை தள்ளியிருந்த ஒரு ஜீவன் இப்போது நாயைத் தேடி வருகிறது. காதைப் பிடிக்கிறது, வாலை இழுக்கிறது, சோற்றுத் தட்டில் கை வைக்கிறது, தூங்கும்போது மேலே விழுகிறது. நாய் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வதைப் பார்த்து நாம் பூரிக்கிறோம், வீடியோ எடுக்கிறோம். பொறுத்துக்கொள்கிறது என்பதற்கு விரும்புகிறது என்று பொருளில்லை.

‘திடீர்னு கடிச்சிருச்சு’ என்று எல்லோரும் சொல்வார்கள். அநேகமாக அது திடீரென்று நடந்திருக்காது. நாய் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். எதிரே தீனி இல்லாதபோதும் நாக்கால் மூக்கை நக்கும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பும். அப்போது கண்ணின் வெள்ளைப் பகுதி பிறை மாதிரி தெரியும். காது பின்னால் மடங்கும். எழுந்து வேறிடம் போகப் பார்க்கும். குழந்தை அங்கேயும் வந்தால் உடம்பு ஒரு நொடி கட்டைபோல இறுகி நிற்கும். அதற்குப் பிறகுதான் உறுமல். வால் ஆடுகிறதே என்று சமாதானப்பட முடியாது. தளர்ந்த உடம்போடு அகலமாக ஆடும் வால் வேறு, விறைத்து உயர்ந்து படபடக்கும் வால் வேறு.

உறுமியதற்காக நாயை அடிக்கும் வீடுகள் நிறைய. எனக்குத் தெரிந்து இதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. உறுமல் என்பது நாய் கடிக்காமல் இருக்க எடுக்கும் கடைசி முயற்சி. அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். உறுமினால் சத்தம் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகருங்கள். பிறகு நாய் எதனால் உறுமியது என்று யோசியுங்கள். காதில் சீழ், இடுப்பு வலி, பல்வலி என்று நோவு ஏதாவது இருந்தால்கூட சாதுவான நாய் மாறிப்போகும். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைக்கு இந்தச் சைகைகள் புரியுமா? இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மெயின்ட்ஸ் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. பல்லைக் காட்டிச் சீறும் நாயின் முகத்தைப் பார்த்த சின்னக் குழந்தைகளில் பலர், அது சந்தோஷமாகச் சிரிக்கிறது என்றார்கள். சிரிக்கிற முகத்துக்குக் குழந்தை என்ன செய்யும்? கிட்டே போய் முத்தம் கொடுக்கும். சின்னக் குழந்தைகளுக்கு முகத்திலும் கழுத்திலுமே அதிகம் கடிபடுவதற்கு அவர்கள் உயரமும் இந்தப் பழக்கமும் காரணம். அவர்களைக் கடிப்பது தெரு நாய் மட்டுமில்லை. வீட்டு நாய், பக்கத்து வீட்டு நாய், மாமா வீட்டு நாய் என்று பழகிய நாய்களும்தான். கட்டிப்பிடிப்பது நமக்குப் பிரியம், நாய்க்கு அது சிறைபிடிப்பு.

ஆகவே நான்கைந்து வயது வரைக்கும் பாடம் குழந்தைக்கோ நாய்க்கோ இல்லை, பெரியவருக்கு. இருவரும் ஒரே அறையில் இருந்தால் நடுவில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் கண் போனில் இருக்கக் கூடாது. குளிக்கப் போகிறீர்களா, ஒருவரைக் கதவுக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டுப் போங்கள். நாய்க்கென்று கட்டிலடியோ பால்கனி மூலையோ ஒரு இடம் இருக்கட்டும். அங்கே அது போய்ப் படுத்துவிட்டால் குழந்தை அந்தப் பக்கம் போகக் கூடாது. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றையும் தொடக் கூடாது. தொடக் கற்றுக்கொடுப்பதற்கு நல்ல முறை ஒன்று உண்டு. நாயிடம் போகாமல், நின்ற இடத்திலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். அது வந்தால் மார்பிலோ விலாவிலோ மூன்று நான்கு முறை தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் நாய் உரசிக்கொண்டு நெருங்கும். வேண்டாமென்றால் போய்விடும். போனால் விட்டுவிட வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இது பிடிபடும், விளையாட்டு மாதிரி செய்தால்.

தீனி விஷயத்தில் ஆபத்து எதிர்த்திசையில் போகும். குழந்தை தன் தட்டிலிருந்து ஊட்டிவிடும் பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், வெங்காயம் இரண்டும் ஆகாது. பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்துக் குழந்தையின் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறு அளவே பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்து பூச்சி. நாய்க்குட்டிகள் பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே உருண்டைப் புழுவை வாங்கிக்கொண்டு பிறக்கின்றன. அதனால் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். அந்தப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து இரண்டு மூன்று வாரத்தில் தொற்றத் தயாராகும். மண்ணைத் தின்னும் வயதுக் குழந்தையின் வாய் வழியாகப் போய், அரிதாகக் கண்பார்வையையும் பாதிக்கும். முற்றத்தில் நாய் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுவதும், குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவதும்தான் மருந்து. குட்டிப் பூனைகளிடமிருந்து படர்தாமரை ஒட்டும். அது பயப்படும்படியான நோயில்லை, ஆனால் குழந்தைக்கும் பூனைக்கும் சேர்த்து வைத்தியம் செய்யாவிட்டால் போய்ப் போய்த் திரும்பும்.

கடி அப்படியில்லை. ரேபிஸ் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. தோன்றுமுன் சரியாக ஊசி போட்டால் வருவதும் கிட்டத்தட்ட இல்லை. 1885-ல் லூயி பாஸ்டர் தன் ஊசியைப் போட்ட முதல் சிறுவனுக்கு வயது 9. உலகில் ரேபிஸ் சந்தேகமுள்ள பிராணியிடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் குன்னூரிலேயே 1907-லிருந்து இதற்கென ஒரு பாஸ்டர் நிலையம் இருக்கிறது. இருந்தும் கடிவாயில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் வைக்கும் பழக்கம் ஓயவில்லை. இவற்றால் புண்தான் கெடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அந்த வைரஸின் மேல்உறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். குழந்தை கதறும்போது 15 நிமிடம் என்பது மிக நீளமான நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்.

பிறகு அரசு மருத்துவமனைக்கு. ரத்தம் வரும்படி கடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ, ஏற்கெனவே உள்ள புண்ணில் நாக்கு பட்டிருந்தாலோ, ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் புண்ணைச் சுற்றிச் செலுத்துவார்கள். முகத்தில் கடி என்றால் மூளைக்குத் தூரம் குறைவு என்பதால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய ஊசிகள் இப்போது இல்லை. 2005-க்குள் இந்தியாவில் அது கைவிடப்பட்டது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் கையில் போடுகிறார்கள். நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று நீங்களே முடிவு செய்யாமல், அதன் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கடித்த நாயையோ பூனையையோ 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதுவரை காத்திருந்து பிறகு ஊசி தொடங்குவது தவறு. நாயும் பூனையும் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே இந்த ஊசியைப் போட்டுவைக்க முடியும். போட்டிருந்தால் பின்னால் கடிபடும்போது இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது, இரண்டு தவணை ஊசியோடு முடிந்துவிடும். குழந்தை மருத்துவரிடம் கேட்டுப்பாருங்கள்.

இதில் இன்னொன்று. கீறலைக் குழந்தைகள் மறைக்கிறார்கள். ‘அதுகிட்ட போகாதேன்னு சொன்னேன்ல’ என்ற திட்டுக்குப் பயந்து சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்வார்கள். எந்தப் பிராணி பல்லோ நகமோ பட்டாலும் வந்து சொல், திட்ட மாட்டோம் என்பதை நிம்மதியான ஒரு நாளில் சொல்லிவைக்க வேண்டும். சொல்லி வந்த நாளில் திட்டாமலும் இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். பலன் உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் பலன் இல்லை. 2002-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், முதல் வயதில் இரண்டோ அதற்கு மேலோ நாய் பூனைகளோடு இருந்த குழந்தைகளுக்கு ஆறேழு வயதில் ஒவ்வாமை குறைவாக இருந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஏற்கெனவே பூனை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பூனை வாங்கினால் மூச்சிரைப்பு கூடத்தான் செய்யும். முடி குறைந்த இனமாக வாங்கினாலும் பயனில்லை, ஒவ்வாமை தரும் புரதம் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது. எனக்குப் பெரிதாகத் தெரியும் பலன் வேறு: தன்னைவிட வலு குறைந்த, வாய் பேசாத ஒன்றுக்கு என்ன வேண்டும் என்று அதன் உடம்பைப் பார்த்தே கண்டுபிடிக்கும் பழக்கம். இதற்கு நாய்தான் வேண்டுமென்பதில்லை. ஆட்டுக்குட்டியோ, நாலு நாட்டுக்கோழியோ போதும். பச்சைக்கிளி மட்டும் வேண்டாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம்.

பொறுப்பு வரட்டும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு நாய்க்குட்டி வாங்கித் தருகிறார்கள். அந்த வயதில் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும், ஒருவர் கூடவே நின்றால் சீப்பால் வாரிவிடும். பத்து வயதுக்கு மேல் சோற்றை அளந்து வைக்கும். விடியற்காலையில் மழையில் நாயை வெளியே அழைத்துப்போக, பரீட்சை நேரத்தில் உண்ணி பிடுங்க, யாரும் வராது. நாய் 10 முதல் 15 வருஷம் இருக்கும். கேட்டு வாங்கிய பிள்ளை கல்லூரி விடுதியில் இருக்கும்போது, கண் மங்கி மாடிப்படி ஏற முடியாத கிழ நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகப்போவது அப்பாவும் அம்மாவும். எனவே குட்டி பார்க்கப் போவதற்கு முன், பிள்ளை தூங்கிய பிறகு, அவர்கள் இருவரும் உட்கார்ந்து தங்களுக்கு நாய் பிடிக்குமா என்று பேசிக்கொள்ளட்டும்.