காலை 9 மணிக்கே புளிக்கும் பதநீர்... குற்றவாளி மரமா, கலயமா?

"பரம்பரையாகப் பனை ஏறும் குடும்பம் எங்களுடையது. இந்த ஆண்டு காலையில் இறக்கும் பதநீர் 9 மணிக்கெல்லாம் நுரைத்துப் புளித்துவிடுகிறது. வழக்கம்போலத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். காய்ச்சினால் பாகு இறுகவில்லை. சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி களிபோல நிற்கிறது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். கொஞ்சம் சீனி சேர்த்தால் இறுகிவிடும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

சாயல்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் பாளை சீவும் காலம் மாசி, பங்குனியில் தொடங்கினால் ஆடியோடு முடிந்துவிடும். அந்தச் சில மாத வருமானத்தில்தான் ஒரு குடும்பம் வருடம் முழுக்க ஓட வேண்டும். அதனால் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் போனபோது அண்ணாச்சி மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி விடிலியில் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். "மரத்துக்கு ஏதும் சீக்கா சார்? மண்ணு கெட்டுப்போச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். மரத்தில் ஒரு குறையும் இல்லை. பாளையிலிருந்து அப்போதுதான் சொட்டிய பதநீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். தேன்போல இருந்தது. கோளாறு அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

பதநீரில் 100க்கு 10 முதல் 13 பங்கு வரை சர்க்கரை இருக்கிறது. இவ்வளவு இனிப்பு திறந்து கிடந்தால் ஈஸ்ட் சும்மா இருக்குமா? காற்றிலும், பாளையிலும், கலயத்தை மொய்க்கும் தேனீ, எறும்பு, குளவியின் காலிலும் ஈஸ்ட் இருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. நுரை அந்த வாயுதான். கூடவே வரும் பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்குகின்றன.

கருப்பட்டி இறுகாததற்கும் இதுவே காரணம். பதநீரில் இருப்பது கரும்புச் சர்க்கரையைப் போன்ற இரட்டைச் சர்க்கரை. அதுதான் மணி பிடித்து இறுகும். ஈஸ்ட் முதல் வேலையாக அதை இரண்டாக உடைக்கிறது. உடைந்த சர்க்கரை இனிக்கும், ஆனால் இறுகாது. புளித்த பிறகு எவ்வளவு சுண்ணாம்பைக் கொட்டினாலும் புளிப்பு அடங்குமே தவிர, உடைந்த சர்க்கரை திரும்ப ஒட்டாது. அதனால்தான் சாயங்காலம் வரை காய்ச்சியும் களியாகவே நிற்கிறது.

நல்ல வெயில் காலத்தில் ஈஸ்ட் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்குக் கட்டிய கலயத்தில் ஒன்று இருந்தால், சுண்ணாம்பு தடுக்காதபோது மறுநாள் காலை 6 மணிக்கு அது ஏறக்குறைய 90 ஆகியிருக்கும். நேற்றைய பதநீர் காய்ந்து ஒட்டியிருக்கும் கலயத்தில் ஆரம்பமே ஒன்றல்ல, கோடிக்கணக்கில் இருக்கும். அதையே தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வைத்து நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால், பழைய எண்ணிக்கையை எட்ட ஈஸ்ட்டுக்குக் கூடுதலாக 13 மணி நேரம் வேண்டும். ஒரு முழு இரவு நமக்கு மிச்சம். மண்கலயத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வெறும் தண்ணீரில் அலசினால் அங்கே இருப்பது போகாது. கொதிநீரும் வெயிலும் அவசியம்.

மேலை நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் உண்டு. அங்கே வேலை செய்வதும் இதே இன ஈஸ்ட்தான். அவர்களுக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களும் பாத்திரம் கழுவுவதற்குத்தான் பெரும்பாடு படுகிறார்கள். தாங்கள் சேர்க்கும் ஈஸ்ட்டைத் தவிர வேறெதுவும் நுழைந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. 1883-ல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் என்பவர் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வித்தை வளர்த்தெடுத்ததும், கண்ட ஈஸ்ட்டும் புகுந்து பீர் கெட்டுப்போனதால்தான்.

இனி சுண்ணாம்புக்கு வருகிறேன். மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை என்று ஓர் எண் பார்த்திருப்பீர்கள். புதிய பதநீர் 7-ஐ ஒட்டி இருக்கும். ஈஸ்ட்டுக்குப் பிடித்தது அதற்கும் கீழே, 4 முதல் 6 வரை. நன்றாகச் சுண்ணாம்பு சேர்ந்த பதநீர் 10-க்கு மேல் போய்விடும். அந்தக் காரத்தில் ஈஸ்ட் சாகாவிட்டாலும் தலைதூக்காது.

"நாங்களும் தடவுறோமே சார்" என்றார் அண்ணாச்சி. உண்மைதான், கலயம் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த அம்மாவிடம் கொஞ்சம் மஞ்சள்தூள் கேட்டேன். தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் தடவிக் காயவைத்தோம். கலயத்திலிருந்து ஒரு சொட்டு விட்டோம். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. "ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சா செவக்குமே, இது ஏன் செவக்கலை?" என்று அவரே கேட்டுவிட்டார். நான் விளக்கவே தேவையில்லாமல் போயிற்று. கலயத்தில் வெள்ளை இருக்கிறது, காரம் இல்லை.

சுண்ணாம்பு மூட்டையைக் காட்டச் சொன்னேன். போன வருடம் வாங்கியது, வாய் திறந்து மூலையில் கிடந்தது. அதில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். சுறுசுறுவென்று பொங்கியது. திறந்து கிடக்கும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு வெறும் சுண்ணாம்புக்கட்டியாக மாறிவிடும். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் தடவியது மாதிரிதான். நல்ல சுண்ணாம்பில் எலுமிச்சை பிழிந்தால் இப்படிப் பொங்காது. கிளிஞ்சல் சுண்ணாம்போ, கல் சுண்ணாம்போ, அவ்வப்போது தேவைக்கு நீற்றி, தண்ணீர் மூடி நிற்கும்படி பானையில் வைத்து, மேலே மூடியும் போடுங்கள்.

அதற்காக அள்ளிப் பூசவும் கூடாது. மஞ்சள்தாள் சுண்ணாம்பு இருக்கிறதா என்றுதான் சொல்லும், அதிகமா என்று சொல்லாது. அதற்கு நாக்குதான் அளவுகோல். தொண்டையைக் கமறினால் அதிகம். சுண்ணாம்பு கூடினால் கருப்பட்டி கறுத்து, சுவையும் கெடும். தெளியவைத்துப் பன்னாடையிலோ துணியிலோ வடிகட்டிக் காய்ச்சுங்கள். சுண்ணாம்பை முறிக்கச் சிலர் உரக்கடை சூப்பர் பாஸ்பேட்டைப் போடுகிறார்கள். இத்தனை வருடம் அந்த உரத்தைச் சிபாரிசு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது வயலுக்கு வந்த சரக்கு. அதில் ஃபுளூரைடும் கன உலோகங்களும் கலந்திருக்கும். சாப்பிடும் பொருளில் சேர்க்கவே கூடாது.

அங்கே இன்னொன்றும் கவனித்தேன். விறகு மிச்சமாகட்டும் என்று நேற்று மாலை இறக்கிய பதநீரையும் இன்று காலை இறக்கியதையும் ஒரே அண்டாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். புது மாவில் பழைய மாவு ஒரு கரண்டி விடுவதுபோல, இது ஈஸ்ட்டுக்கு உறை ஊற்றும் வேலை. தனித்தனியாக வையுங்கள். உடனே காய்ச்ச முடியாவிட்டால் ஒரு கொதி விட்டு இறக்கி மூடிவையுங்கள். 60 டிகிரிக்கு மேல் சில நிமிடங்களில் ஈஸ்ட் செத்துவிடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வர் நல்லது. மழை பெய்த அன்று கலயத்துச் சுண்ணாம்பு நீர்த்துப் போகும், அன்று மஞ்சள்தாள் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

விற்பனைக்குக் கேனில் கொண்டுபோகிறவர்கள் மூடியை இறுக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரில் கொடுத்த பதநீரை ஐந்து லிட்டர் கேனில் இறுக்கி மூடி, மே மாத வெயிலில் பேருந்தில் எடுத்துப் போனேன். பாதி வழியில் கேன் உப்பி, மூடி தெறித்து, முன் இருக்கையில் இருந்த பெரியவரின் வேட்டி நனைந்தது. வேளாண் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவன் செய்த வேலை அது. பேருந்து முழுக்கக் கள் வாடை. நம் மாநிலத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. புளித்த பதநீரோடு போகிறவர் அந்தச் சிக்கலையும் சேர்த்தே சுமக்கிறார்.

சீனி விஷயத்துக்கு வருகிறேன். சேர்த்தால் இறுகும், பொய்யில்லை. ஆனால் பனங்கருப்பட்டி என்று சொல்லிச் சீனி கலந்து விற்பது கலப்படம், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒருமுறை பெயர் கெட்டால் நல்ல கருப்பட்டியையும் அதே பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். இறுகாத பாகைப் பனம்பாகு என்றே சொல்லி விற்றுவிடுங்கள், அது பொய்யில்லாத விலை. மிகவும் புளித்துப்போனதைக் காய்ச்சி விறகை வீணாக்காமல், பஞ்சகவ்யாவில் சேர்த்துவிடுங்கள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா பேசினார். கலயங்களை மாற்றவில்லை, கொதிநீர் ஊற்றிக் காயவைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு மட்டும் புதிது. "பதினோரு மணிக்கு ஒரு சொட்டு விட்டேன் சார், தாள் ஆரத்தி மாதிரி செவந்துச்சு" என்றார். சிரட்டையிலிருந்து கருப்பட்டி முழுசாகக் கழன்று வருகிறதாம். வியாபாரி இன்னும் பழைய விலையைத் தரவில்லை, இரண்டு சந்தை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.