குழந்தையின் வயிற்றோட்டமும் நாகச் சத்தும்

மாரி பிறந்தால் வன்னியின் குளங்கள் நிரம்பும். வயல்கள் பசுமை பெறும். ஆனால், வெள்ளம் புகுந்த கிணற்று நீரோடு வயிற்றோட்டமும் வீட்டினுள் புகுவதுண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டத் தாய்மார் இதனை நன்கறிவர். 2009ஆம் ஆண்டு செட்டிகுளத்து முகாம்களிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நெருக்குண்டு வாழ்ந்தபோது, இந்நோய் சிறுவரை வாட்டியதையும் நாம் மறந்திலோம்.

ஒரே நீரைப் பருகிய இரு குழந்தைகளுள் ஒன்று மூன்று நாளில் தேறுகிறது. மற்றையது பத்து நாளாகியும் துவண்டு கிடக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்று நாகச் சத்தின் குறைவாகும்.

நாகம் என்றதும் பாம்பை எண்ணி அஞ்சவேண்டா! கூரைத் தகரத்துக்குப் பூச்சாகும் துத்தநாகமே அது. நம் உடலிலும் அது சிறிதளவு உண்டு. குடலின் உட்சவ்வு புதுப்பிக்கப்படுவதற்கும், நோயை எதிர்க்கும் ஆற்றலுக்கும் அது இன்றியமையாதது. மீன், இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவற்றில் அது கிடைக்கும். தானிய உணவை மட்டும் உண்ணும் குழந்தைக்கு அது போதிய அளவு சேர்வதில்லை.

உடல் நாகத்தைச் சேமித்து வைப்பதில்லை. வயிற்றோட்டத்தின்போது நீரோடும் உப்போடும் அதுவும் கழிந்துவிடுகிறது. குறைவினால் நோய் முற்றுகிறது. நோயினால் குறைவு பெருகுகிறது. இச்சுழலை அறுக்க வழி உண்டா?

புதுடில்லியில் 937 குழந்தைகளிடம் நிகழ்த்தி 1995இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி விடை தந்தது. நாகம் பெற்ற குழந்தைகளுக்கு நோய் நீடிக்கும் அபாயம் 23 சதவீதம் குறைந்திருந்தது. 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ் நிறுவனமும், வயிற்றோட்டமுற்ற குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் வரை நாகம் கொடுக்குமாறு பரிந்துரைத்தன. மலம் இறுகியதும் அதனை நிறுத்திவிடல் ஆகாது. முழுக் காலமும் கொடுத்தால், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் நோய் மீளும் வாய்ப்பும் குறையும். அளவு மிஞ்சினால் வாந்தி உண்டாகுமாதலின், அதனை வைத்தியரே வரையறுக்க வேண்டும்.

எனினும், உயிரைக் காக்கும் முதல் மருந்து ஜீவனிக் கரைசலே. நாகம் அதற்குத் துணையேயன்றி மாற்றன்று. ‘வயிற்றைக் காயப்போட வேண்டும்’ என்று தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்துவது பெருந்தவறு. கண்கள் குழிந்தாலோ, குழந்தை சோர்ந்து நீர் பருக மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, கணமும் தாமதியாது வைத்தியசாலையை நாடுக. கொதித்தாறிய நீரும், சவர்க்காரமிட்டுக் கழுவிய கைகளும் நோய் வருமுன் காக்கும் என்பதை நம் இல்லங்கள் தோறும் நினைவிற் கொள்வோமாக.