டெலிவரி வண்டிக்கும் 'ஜீரோ' பார்க்க வேண்டும்



2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின், நம் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் மொபட், மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. நம்மில் பலர் நம்பியிருக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.100-ம் இதற்கு விலக்கல்ல. முன்பெல்லாம் வண்டி ஸ்லோவில் நிற்கவில்லை என்றால், தெருமுனை மெக்கானிக் ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பி, நாம் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டியைக் கொடுத்துவிடுவார். அதே பழக்கத்தில் இன்றும் ஸ்குரூ டிரைவரை எடுக்கும்போதுதான் நமக்கு வீண்செலவு ஆரம்பமாகிறது.

ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்பதை ஈ.சி.யு. என்னும் கணினிப் பெட்டிக்கு அறிவிப்பது த்ராட்டில் சென்சார். இதற்குப் பெரும்பாலும் மூன்று ஒயர்கள். ஒன்றில் 5 வோல்ட் போகும், ஒன்று எர்த், மூன்றாவது திருப்பிக் கொண்டுவரும் வோல்ட்தான் கணக்கு. மூடியிருக்கும்போது அரை வோல்ட்டை ஒட்டியும், முழுக்கத் திருகினால் 4 வோல்ட்டை ஒட்டியும் இருப்பது வழக்கம். மாடலுக்கு மாடல் சற்று மாறும். எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்று முடிவு செய்ய இதையும் இஞ்சின் சுழலும் வேகத்தையும் பெட்டி முக்கியமாகப் பார்க்கிறது.

நம் தராசோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். காலித் தட்டிலேயே 20 கிராம் காட்டும் தராசில் நிறுத்தால், அன்று நிறுத்தது எல்லாமே பிசகு. அதுபோல, மூடிய ஆக்சிலேட்டரைத் 'திறந்திருக்கிறது' என்று சென்சார் சொன்னால் ஸ்லோவில் இரைச்சல், சிக்னலில் அணைந்து போதல், 26 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகையில் திக்கல், கூடுதல் பெட்ரோல் என்று ஒவ்வொன்றாக வரும். மீட்டரில் மஞ்சள் இஞ்சின் விளக்கும் எரியலாம்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தையில்லை. சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்குள்ளோ இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரை அல்லது லேப்டாப்பை இணைக்கிறார்கள். சாவியைப் போட்டு, இஞ்சினை ஓடவிடாமல், திரையில் சென்சாரின் அளவைப் பார்க்கிறார்கள். மெல்லத் திருகினால் அளவு தடங்கலின்றி ஏற வேண்டும். விட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். நடுவில் குதித்தால் ஒயரில் கோளாறு, அல்லது சென்சார் தேய்ந்துவிட்டது. அதை எந்த சாப்ட்வேரும் சரிசெய்யாது. சீராக ஏறி இறங்கி, தொடக்கம் மட்டும் தள்ளியிருந்தால், சாப்ட்வேரில் உள்ள ரீசெட் மூலம் 'இதுவே மூடிய நிலை' என்று பெட்டிக்குப் பதிய வைக்கலாம். சில மாடல்களில் சாவியைப் போட்டு எடுக்கும் முறையிலேயே பெட்டி தானாகத் தெரிந்துகொள்ளும்.

இதற்கு முன் செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆக்சிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும், த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும், பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்த கேபிளோடு ரீசெட் செய்வது, தட்டில் வெல்லக் கட்டியை வைத்துக்கொண்டு தராசுக்கு ஜீரோ போடுவது போன்றது. இரவில் கிடங்குக்குள் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஒயரையும் பாருங்கள். பருப்பு மூட்டையை விட்டுவிட்டு ஒயரைக் கடிக்கும் எலிகளும் உண்டு!

சென்சாரைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கண்டபடி தளர்த்த எவரையும் விடக் கூடாது. சில மாடல்களில் சென்சார் தனியாகக் கிடைக்காது. த்ராட்டில் பாடி முழுவதையும் வாங்க வேண்டும், அது சில ஆயிரம் ரூபாய். ஆகவே 'மாற்ற வேண்டும்' என்று மெக்கானிக் சொன்னால், திரையைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. வாடிக்கையாளர் நம் தராசை எட்டிப் பார்ப்பதில்லையா?

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியைக் கம்பெனி சர்வீஸ் தவிர வேறெங்கும் திறக்க வேண்டாம். மற்ற வண்டிகளுக்கு, பல கம்பெனி வண்டிகளையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவரை அந்தந்த ஊர்ச் சங்கமே பார்த்து, உறுப்பினர்களுக்கு ஒரே கட்டணமாகப் பேசி வைத்தால் நலம். தீபாவளிச் சரக்கு ஏற்றத் தொடங்குமுன் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் யோசனை.