தராசுக்கு முன்பே தெரியும் எடை

புனேயின் கஸ்பா பேட் பகுதியில் உள்ள தாம்பட் ஆளியில் நுழைபவர்களை முதலில் வரவேற்பது சுத்தியல் சத்தம். மராத்தியில் தாம்பட் என்றால் செம்புப் பாத்திரம் செய்பவர். ஆளி என்றால் தெரு. பேஷ்வாக்கள் காலத்தில் இங்கே குடியேறியவர்களின் வழிவந்த சில குடும்பங்கள் இன்றும் குடம், தவலை, வெந்நீர் பாய்லர் என்று தட்டி உருவாக்குகின்றன.

செம்பு விலைபோவது கிலோ கணக்கில். ஆனால் வாடிக்கையாளர் சொல்வதோ அகலமும் உயரமும்தான். செய்யாத பாத்திரத்தின் எடையை எப்படிச் சொல்வது?

பள்ளியில் படித்த அடர்த்திதான் கைகொடுக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் செம்பின் எடை 8.96 கிராம். 40 செ.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உள்ள வட்டத் தகட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 1,257 சதுர செ.மீ. தடிமன் 0.1 செ.மீ. என்பதால் கன அளவு 125.7 கன செ.மீ. இதை 8.96ஆல் பெருக்கினால் 1,126 கிராம். மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்ற மறந்தால் போச்சு: காகிதத்தில் எடை 11 கிலோவைத் தாண்டிவிடும்!

தகட்டை எப்படிக் குழித்தாலும் இந்த எடை மாறாது. சுத்தியல் அடி செம்பைக் கடினமாக்குமே தவிர, ஒரு கிராம்கூடக் கூட்டாது. வெட்டி எறியும் ஓரத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் தடிமனில்தான். 0.8 மி.மீ. தகடு என்றால் அதே வட்டம் 901 கிராம்தான் இருக்கும். வித்தியாசம் 225 கிராம். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்குத் தப்பிவிடும், தராசுக்குத் தப்பாது. மெல்லிய தகட்டுக்கு விலை பேசிவிட்டுக் கனமான தகட்டை வெட்டினால், அந்த 225 கிராம் கைவினைஞரின் கூலியை விழுங்கிவிடும். பேசியதைவிட மெல்லிய தகட்டில் செய்து கொடுத்தால் நஷ்டம் வாங்குபவருக்கு.

உலோகமே வேறாக இருந்தால்? அதற்கும் வழி உண்டு. பாத்திரத்தைத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி எடை போட்டால், எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை கன செ.மீ. அதன் உலோகத்தின் கன அளவு. ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு கண்ட விதி இது. அசல் எடையை அந்தக் குறைவால் வகுத்தால் செம்புக்கு 9ஐ ஒட்டி வரும். செம்பு முலாம் பூசிய இரும்பு 8ஐக்கூட எட்டாது.

செம்புக் குடம் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பில் மயங்க வேண்டாம். தடிமனைக் கேளுங்கள், கணக்குப் போடுங்கள், பிறகு நிறுத்துப் பாருங்கள். கணக்கும் தராசும் ஒத்துப்போனால், பேரம் பேசாமல் கூலியைக் கொடுக்கலாம்.