மடித்த காகிதம் உங்களுடையது, படம் யாருடையது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சவ்வாது மலையடிவார வீடுகளில் அலமாரிக் காகிதம்கூட ஈரம் இழுத்துக்கொள்ளும். கூர்மையாக மடித்த கொக்கின் அலகு தளரும், இறக்கை தானாக விரியும். மழைக்குத் தப்பியதை ராமபாணப் பூச்சி அரிக்கும். காகித மடிப்புக் கலையான ஓரிகாமி செய்கிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் புகைப்படம்தான். அதை எந்த இணையதளத்தில் வைக்கிறோம், என்ன நிபந்தனைக்குச் சம்மதித்து வைக்கிறோம் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இந்த மலைப்பகுதிக்கு ஓரிகாமி புதிதல்ல. சிங்காரப்பேட்டை அருகே புளியானூரில் இயங்கும் குக்கூ காட்டுப்பள்ளியைச் சேர்ந்த தன்னறம் நூல்வெளி, தியாகசேகரின் ‘கொக்குகளுக்காகவே வானம்’ என்ற ஓரிகாமி நூலைத் தமிழில் கொண்டுவந்தது. மலைக்கு இந்தப் பக்கம் கணியம்பாடியில் காகிதம் மடிக்கிறவர் கல்லூரி மாணவராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், காகிதக் கம்மல் செய்து விற்கும் பெண்ணாகவும் இருக்கலாம். மூவருக்கும் கண்காட்சிக் கூடம் கைப்பேசிதான்.

உலகம் முழுக்க ஓரிகாமிக்காரர்கள் நெடுங்காலம் கூடியிருந்த இடம் ஃப்ளிக்கர். 2004-இல் தொடங்கிய அந்தத் தளத்தை மறு ஆண்டே யாஹூ வாங்கியது. 2018-இல் அது ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில், இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான், அதற்கு மேல் இருப்பவை அழிக்கப்படும் என்று அறிவித்தார்கள். பல ஆண்டுகளாகப் படம் ஏற்றியவர்கள் பணம் கட்டவோ, பதிவிறக்கவோ அலைய வேண்டியிருந்தது. ஃபோட்டோபக்கெட் இன்னும் மோசம். 2017-இல், அங்கே வைத்த படத்தை வேறு பக்கங்களில் காட்ட ஆண்டுக்கு ஏறக்குறைய 400 டாலர் கேட்டது. கட்டாதவர்களின் படங்கள் இணையமெங்கும் காணாமல் போயின. ஆர்குட் 2014-இலும், பிகாசா ஆல்பங்கள் 2016-இலும், கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பட்டன. இலவசத் தளம் எதுவும் உங்கள் பெட்டகம் ஆகாது. மூலப்படம் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறிடத்தில் இன்னொன்று என்று உங்களிடமே இருக்கட்டும்.

அடுத்தது, எல்லோரும் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிவிடும் நிபந்தனைகள். இன்ஸ்டாகிராமில் படம் ஏற்றினால் உரிமை உங்களிடம்தான் இருக்கும். ஆனால் உலகமெங்கும் செல்லும், கட்டணமில்லாத, பிறருக்கும் கைமாற்றத்தக்க பயன்பாட்டு அனுமதியை அந்த நிறுவனத்துக்கு நீங்கள் தந்துவிடுகிறீர்கள். பொதுவில் இட்ட படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பதாக அதன் தாய் நிறுவனமான மெட்டா வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இன்ஸ்டாகிராம் படத்தைச் சுருக்கியும் விடுகிறது. சன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்து, ஒவ்வொரு மடிப்பின் விளிம்பும் நிழல் கட்டும்படி எடுத்த படம் அங்கே போய் மொழுக்கென்று ஆகிவிடும். ஃப்ளிக்கரில் படம் பெரிதாக, தெளிவாக நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் என்ன உரிமம் என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அங்கே ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தைத் தொடும்முன் யோசியுங்கள். ஒருவர் அந்த உரிமத்தின்படி படத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அவரிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. என் தேர்வு இது: முழு ஆல்பம் ஃப்ளிக்கரில் ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்ற குறிப்போடு, ஆட்கள் பார்க்கச் சிறிய அளவுப் படம் இன்ஸ்டாகிராமில்.

இனி சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, படைப்பு உருவானதுமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. பதிந்தால் தகராறு வரும்போது சான்றாக உதவும். பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நீங்களே வடிவமைத்து மடித்த யானை உங்கள் படைப்பு, ஆனால் அதன் புகைப்படம் எடுத்தவருடைய படைப்பு. தோழி தன் கேமராவில் எடுத்துக் கொடுத்தால் படத்தின் பதிப்புரிமை தோழிக்குத்தான். காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அது காசு கொடுத்தவருக்கு. தோழியிடமே நாலு வரி எழுதி வாங்கி வைப்பதில் தவறே இல்லை. 57-ஆம் பிரிவு இன்னொரு பாதுகாப்பைத் தருகிறது. உரிமையை விற்ற பிறகும், ‘இதைச் செய்தவர் நான்’ என்று சொல்லும் உரிமை படைப்பாளியை விட்டுப் போகாது.

மடிப்புத் தடங்களை மட்டும் கோடுகளாகக் காட்டும் வரைபடத்துக்கும் உரிமை உண்டா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. 2011-இல் ராபர்ட் லாங் உள்ளிட்ட ஆறு ஓரிகாமிக் கலைஞர்கள், தங்கள் மடிப்பு வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டி அனுமதியில்லாமல் ஓவியங்களாக்கினார் என்று சாரா மாரிஸ் என்ற ஓவியர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் சமரசம் ஆனது. அந்த ஓவியங்களைக் காட்டும்போது மூல வரைபடத்தை உருவாக்கியவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்று முடிவானது. தீர்ப்பு வராததால் சட்டக் கேள்வி திறந்தே கிடக்கிறது. ஆகவே மடிப்பு வரைபடத்தைப் பொதுவில் ஏற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

மூலத்தை உருவாக்கியவர் பெயரைச் சொல்லும் இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். கத்திக் கப்பலும் கொக்கும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் வாழும் கலைஞர் ஒருவரின் வடிவத்தை மடித்துப் படம் போட்டால், வடிவமைத்தவர் இன்னார், மடித்தவர் நான் என்று இரண்டு பெயரையும் எழுதுவதே மரியாதை. புத்தகத்தின் செய்முறைப் பக்கங்களை அப்படியே படம் பிடித்துப் போடுவது பதிப்புரிமை மீறலாகலாம்.

காகிதக் கம்மல், விளக்கு மறைப்பு என்று விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வடிவமைப்புச் சட்டம், 2000-இன்கீழ் பதிவு பெற வடிவம் புதிதாக இருக்க வேண்டும், அதற்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது. முதலில் இணையத்தில் படம் போட்டுப் பாராட்டு வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி. அப்படிப் பதிவு பெறத்தக்க வடிவத்தைப் பதியாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் நகலெடுத்தால் அதன்மேல் பதிப்புரிமையும் நிற்காது. மொத்தமாகச் செய்து விற்கும் எண்ணமிருந்தால் விண்ணப்பம் முதலில், படம் பிறகு.

ஆபத்துகள் சட்டத்தோடு முடியவில்லை. கைப்பேசியில் இடக்குறிப்பு ‘ஆன்’ ஆகியிருந்தால், வீட்டில் எடுத்த படத்துக்குள் உங்கள் வீட்டின் இருப்பிடம் ஒளிந்திருக்கும். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் மடித்ததைக் காட்ட அவர்களின் விரல்கள் போதும். முகம், சீருடை, பள்ளிப் பெயர் மூன்றும் ஒரே படத்தில் வேண்டாம். பெற்றோர் சம்மதமில்லாமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

விற்பனைப் படத்தைப் பார்த்து வரும் மோசடிக்காரர் விலை பேசவே மாட்டார். “இருநூறு பீஸ் வேணும் மேடம், முன்பணம் அனுப்புறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பார். ராணுவத்தில் இருப்பதாகவும் சொல்வார். பணம் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

படம் திருட்டுப் போனால்? திருடியவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர் உடனே அழித்துவிடுவார். முதலில் முழு இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உங்கள் மூலக் கோப்பைத் திருத்தாமல் வையுங்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுச் சான்றுக்கு, இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். பிறகு தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். அமெரிக்கத் தளங்கள் இதற்குத் தங்கள் நாட்டின் 1998-ஆம் ஆண்டு மின்னணுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதில் தருவது உறுதிமொழி என்பதால் பொய் எழுதக் கூடாது. நம் நாட்டில் பதிப்புரிமை விதிகள், 2013-இன் 75-ஆம் விதிப்படி எழுத்தில் புகார் தந்தால், படத்தைத் தாங்கியிருக்கும் தளம் 36 மணி நேரத்துக்குள் அதைத் தடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால், அது மறுபடி திறந்துவிடலாம். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் கைவிரித்தால் 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியிலேயே போகலாம்.

தெரிந்தே திருடி விற்பது குற்றமும்கூட. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி பொதுவாக ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நஷ்டஈடு கேட்பதானால் எதிரி மும்பையில் இருந்தாலும் நீங்கள் அங்கே ஓட வேண்டாம். படைப்பாளி குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு வழிசெய்கிறது. கணியம்பாடிக்காரருக்கு அது வேலூர். வக்கீல் வைக்க வசதியில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும், பட்டியலினத்தார், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.