வேதும் சவுனாவும்

சூடான ஆவியில் உடலை வியர்க்க விட்டு, பின்னர் துடைத்தோ குளித்தோ ஆற்றிக்கொள்வது உலகின் பல பகுதிகளில் உள்ள பழக்கம். தமிழகத்தில் இது வேது பிடித்தல் அல்லது ஆவி பிடித்தல் எனப்படுகிறது. பின்லாந்தில் இதற்குச் சவுனா என்று பெயர். வேது பெரும்பாலும் நோயுற்றவருக்கான மருத்துவம். சவுனா நலமாக இருப்பவர்கள் கூடி மகிழும் குளியல். கோடையில் வெயில் 40 பாகை செல்சியசைத் தொடும் மதுரைச் சமவெளியில் வளர்ந்தவருக்கு, 90 பாகை சூட்டில் விரும்பிப் போய் அமர்வது வியப்பாகத் தோன்றலாம். இரண்டையும் ஒப்பிட்டால் இந்த வேறுபாட்டின் காரணம் விளங்கும்.

வேது

சித்த மருத்துவம் கூறும் 32 புறமருத்துவ முறைகளுள் வேதும் ஒன்று. ஒற்றடம், பற்று, பொட்டணம், தொக்கணம் முதலியவையும் அவ்வரிசையில் அடங்கும். நொச்சி, வேம்பு, ஆடாதோடை, தைலமரம் போன்றவற்றின் இலைகளைப் பானையில் இட்டுக் கொதிக்க வைத்து, போர்வையால் மூடிக்கொண்டு அந்த ஆவியை முகத்திலும் உடலிலும் ஏற்பது இதன் எளிய வடிவம். செங்கல்லைச் சுட்டு நீரில் போட்டு ஆவி எழுப்பும் வழக்கமும் உண்டு. சளி, தலைப்பாரம், உடல்வலி ஆகியவற்றுக்கு வீடுகளில் இது செய்யப்படுகிறது. இயற்கை மருத்துவத்தில் தலை மட்டும் வெளியே இருக்க, உடலைப் பெட்டிக்குள் வைத்து நீராவிக் குளியல் தருவர்.

சவுனா

சவுனா என்பது மரப்பலகை வேய்ந்த சிறு அறை. அடுப்பின் மேல் அடுக்கிய கற்கள் நன்கு சூடானதும் அவற்றின் மீது அகப்பையால் நீர் ஊற்றுவர். அப்போது எழும் ஆவி 'லோய்லு' எனப்படும். அறையின் வெப்பம் பொதுவாக 80 முதல் 100 பாகை வரை இருக்கும். படிபோல் அமைந்த பலகைகளில் மேற்பலகையே அதிகச் சூடானது. கோடைக்காலத்தில் இலையுடன் கூடிய பிர்ச் மரக் கொத்தால் உடலைத் தட்டிக்கொள்வர். பிறகு ஏரியிலோ பனியிலோ குளிர்ந்த நீரிலோ உடலை ஆற்றிக்கொண்டு மீண்டும் உள்ளே செல்வர்.

ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் பின்லாந்தில் சுமார் 30 இலட்சம் சவுனாக்கள் உள்ளன. 2020 திசம்பரில் பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை யுனெசுகோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வீடுகளில் சவுனா இல்லாத நகரத் தொழிலாளர்களுக்குப் பொதுச் சவுனாக்களே குளியலிடமாக இருந்தன. தம்பெரே நகரின் இராயாபோர்த்தி 1906 முதல் இயங்கி வருகிறது. எல்சிங்கியில் 1928இல் தொடங்கிய கோத்திகார்யு இன்றும் விறகால் சூடேற்றப்படுகிறது. அதே நகரக் கடற்கரையில் 'லோய்லு' என்ற பெயரிலேயே 2016இல் ஒரு புதிய பொதுச் சவுனா திறக்கப்பட்டது.

பொதுச் சவுனாவுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. முதலில் உடலைக் கழுவ வேண்டும். பலகையில் துண்டு விரித்து அமர வேண்டும். கல்லில் நீர் ஊற்றும் முன் மற்றவரைக் கேட்பது நல்லது. பழைய சவுனாக்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் இருக்கும். உள்ளே பதவியோ செல்வமோ பார்க்கப்படுவதில்லை.

சனிக்கிழமைக் குளியல்

பின்லாந்தில் சவுனாவுக்குரிய நாள் சனிக்கிழமை. அந்நாளுக்கான பின்னியப் பெயரே 'நீராடும் நாள்' என்னும் பழைய நார்சு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்திலும் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் சனிக்கிழமைதான். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். உடம்புச் சூடு தணிய நல்லெண்ணெய், பிறகு சீயக்காய், வெந்நீர் என்பது அதன் முறை. பலர் சேர்ந்து நீராடும் மகிழ்ச்சிக்கு மதுரை மக்கள் அழகர்மலை நூபுர கங்கைக்கும் குற்றால அருவிகளுக்கும் செல்கின்றனர். சிற்றூர்களில் வயல் பம்புசெட்டு அந்த இடத்தைப் பெறுகிறது. பின்லாந்தில் ஒன்றுகூட வைப்பது சூடு. இங்கே குளிர்ந்த நீர்.

வெப்பம் தாங்குவது எப்படி?

50 பாகை நீர் தோலைச் சுடும்; 90 பாகைக் காற்றில் சில நிமிடங்கள் அமர முடியும். காற்று, நீரைவிட மிக மெதுவாகவே வெப்பத்தைக் கடத்துவது ஒரு காரணம். வறண்ட காற்றில் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விப்பது மற்றொரு காரணம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கல்லில் நீர் ஊற்றியதும் இது தலைகீழாகிறது: ஆவி தோலில் நீராகப் படிந்து அதே அளவு வெப்பத்தை உடலுக்குள் செலுத்துகிறது. அதனால்தான் வெப்பமானி ஏறாவிட்டாலும் 'சுரீர்' என்று சுடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மதுரையின் 37 பாகையே புழுக்கமாக இருப்பதற்கும் வியர்வை ஆவியாகாததே காரணம்.

சவுனாவில் இருப்பவர் பத்து, பதினைந்து நிமிடங்களில் எழுந்து வெளியே வந்துவிடலாம். கோடை வெயிலில் வேலை செய்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சவுனா ஒரு சுகமாகவும் வெப்ப அலை உயிருக்கு ஆபத்தாகவும் இருப்பதன் வேறுபாடு இங்கேதான் உள்ளது.

பயனும் எச்சரிக்கையும்

கிழக்குப் பின்லாந்தைச் சேர்ந்த 2,315 ஆண்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 4 முதல் 7 முறை சவுனா சென்றவர்களிடையே திடீர் இதய இறப்பு குறைவாக இருந்ததாகக் கண்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, சவுனாதான் காரணம் என்று நிறுவவில்லை. எய்னோலா நகரில் 1999 முதல் நடந்த சவுனாப் போட்டி, 2010இல் 110 பாகை சூட்டில் ஒரு போட்டியாளர் இறந்ததும் நின்றுபோனது.

ஆவி பிடித்தல் மூக்கடைப்பைச் சிறிது நேரம் இளக்கலாம், தீநுண்மியைக் கொல்லாது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, தமிழகத்தில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் கருவிகள் வைக்கப்பட்டன. முகக்கவசத்தைக் கழற்றிப் பலர் அருகருகே மூச்சுவிடுவதால் தொற்று பரவும் என்பதால், இதைத் தவிர்க்குமாறு சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் ஆவி பிடிக்கும்போது பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகளுக்கு வெந்நீர்க் காயம் ஏற்படுவதுண்டு. கொதிக்கும் பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்கக் கூடாது. இதய நோய், குறைந்த இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே நீராவிக் குளியலையோ சவுனாவையோ மேற்கொள்ள வேண்டும். மது அருந்திய பின் இரண்டுமே கூடாது. தலைசுற்றினால் உடனே வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.