பொய்ப் பெயர் பூண்ட சட்டங்கள்

சுடுகாட்டை நன்காடு என்பது நம் முன்னோர் வழக்கு. இதனை மங்கலம் என்பர் இலக்கண நூலார். துயரமான ஒன்றைத் துயரம் தோன்றாத சொல்லாற் சுட்டும் அவ்வழக்கின் அடியிலே பரிவு இருக்கின்றது. கொடுமையை இனிய பெயரால் மூடும் வழக்கும் உலகில் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பின்னர் தென்னாபிரிக்காவின் வெள்ளையர் அரசு இயற்றிய சட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபொழுது இவ்வேறுபாடே என் உள்ளத்தில் உறைத்தது.

சனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே வெள்ளையர். எனினும் ஆட்சி முழுவதும் அவர் கையில் இருந்தது. 1952 இல் அவர்கள் நிறைவேற்றிய சட்டமொன்றின் தலைப்பிலே 'பாஸ் ஒழிப்பு' என்னும் சொற்கள் இருந்தன. ஒழிந்தவை பழைய பலவகைச் சீட்டுக்களே. அவற்றுக்குப் பதிலாக, 16 வயதடைந்த ஒவ்வோர் ஆபிரிக்க ஆணும் ஒரு புத்தகத்தை எந்நேரமும் தன்னுடன் வைத்திருக்க வேண்டுமென அச்சட்டம் விதித்தது. அவனது படமும், தொழில் தருவோரின் கையொப்பமும், வரி செலுத்திய விபரமும் அதில் இருந்தன. பொலிஸார் கேட்டவுடன் காட்டாதவன் குற்றவாளியானான்.

1959 இல் 'சர்வகலாசாலைக் கல்வி விரிவாக்கச் சட்டம்' வந்தது. கேப்டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் சர்வகலாசாலைகளின் வாயிலை அது வெள்ளையரல்லாத மாணவர்க்கு அடைத்தது. அமைச்சரின் அனுமதியின்றி அவர்கள் அங்கே சேர இயலாது போயிற்று. அதே ஆண்டின் 'பாண்டு சுயாட்சி மேம்பாட்டுச் சட்டம்', ஆபிரிக்கர் சார்பில் வெள்ளையர் சிலர் பாராளுமன்றத்தில் வகித்த இடங்களையும் அகற்றிற்று. ஒழிப்பு என்பது சுமத்தலாகவும், விரிவாக்கம் என்பது அடைத்தலாகவும், மேம்பாடு என்பது பறித்தலாகவும் பொருள் திரிந்தன.

ஏட்டில் எழுதிய பெயரை மக்கள் ஏற்றார்களில்லை. அப்புத்தகத்தை அவர்கள் 'டொம்பாஸ்', அதாவது 'முட்டாள் பாஸ்' என்றே அழைத்தனர். பெண்களுக்கும் அதனை வழங்க அரசு முற்பட்டபொழுது, 1956 ஆகஸ்ட் 9 ஆம் திகதி ஏறக்குறைய 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் அரசாங்கக் கட்டடத்தின் முன் திரண்டனர். விண்ணப்பங்களைப் பிரதமரின் வாயிலிற் சேர்ப்பித்துவிட்டு, அரைமணி நேரம் வாய்திறவாது நின்றனர். சொற்கள் யாவும் பொய்யாக்கப்பட்ட நாட்டில் மௌனத்துக்கு இருந்த வலிமையை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்!

1960 மார்ச் 21 ஆம் திகதி ஷார்ப்வில் மக்கள் பாஸின்றிப் பொலிஸ் நிலையத்தின் முன் கூடினர். பொலிஸார் சுட்டனர். 69 பேர் மாண்டனரென அரசு கணக்கிட்டது. பலர் முதுகிலே சுடப்பட்டிருந்தனர். சில நாட்களில் ஆபிரிக்கத் தேசிய காங்கிரசின் தலைவர் அல்பேட் லுத்தூலி தமது பாஸைப் பலரறியத் தீயிலிட்டார். 1976 ஜூன் 16 ஆம் திகதி, ஆபிரிக்கான்ஸ் மொழியிலே பாடங்களைக் கற்கும்படி கட்டாயப்படுத்தியதை எதிர்த்து சொவெற்றோ மாணவர் தெருவில் இறங்கினர். அவர்கள் மீதும் குண்டுகள் பாய்ந்தன.

பாஸ் முறை நீங்கியது 1986 இலேதான். அவ்வாண்டின் சட்டத் தலைப்பிலும் 'ஒழிப்பு' என்ற சொல் இருந்தது. 34 ஆண்டுகளின் பின்னர் அச்சொல் தன் பொருளைப் பெற்றது. 1994 ஏப்ரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர். 1996 டிசெம்பர் 10 ஆம் திகதி புதிய அரசியலமைப்பில் ஜனாதிபதி நெல்சன் மண்டேலா ஒப்பமிட்டார். அதற்கெனத் தேர்ந்த இடம் ஷார்ப்வில்.

சொல்லுக்குப் பொருள் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாற்றிலே பாடம் உண்டு. சட்டமொன்றின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மகிழாமல், அது யாருக்கு எதனைச் செய்கின்றது என வினவும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுவது குடியியற் பாடத்தின் கடமை மட்டுமன்று. மொழிப் பாடத்தின் கடமையுமாகும்.